நோய்மூலம்: வதந்தி, ஆவணம், அதிகாரம்

ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. வியாசரின் மூலத்தைத் தோண்டினால் அது ஒரு மீனவப் பெண்ணிடம் போய் நிற்கும், வருணக் கணக்கு குழம்பும். அதனால் தோண்டாதே என்று கட்டளை. கொள்ளைநோயின் மூலம் பற்றி அரசுகள் இடுகிற கட்டளையும் ஏறக்குறைய இதுதான். 2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் வெளிப்பட்ட வைரஸ், சந்தையில் விற்ற விலங்கிடமிருந்து வந்ததா, அதே நகரத்தில் வௌவால் வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததா? 2020இன் தொடக்க மாதங்களில் இது கேட்கக் கூடாத கேள்வி. கேட்டவன் பைத்தியக்காரன், அல்லது இனவெறியன். 2021இல் கேட்டே தீரவேண்டிய கேள்வியாயிற்று. 2025 ஏப்ரலில் அமெரிக்க வெள்ளை மாளிகை, பதில் கிடைத்தாயிற்று, ஆய்வுக்கூடம்தான் என்று அறிவித்து விவாதத்தை மூடப் பார்த்தது. இந்த ஐந்தாண்டுகளில் சான்றுகள் கூடத்தான் செய்தன. ஆனால் சான்றுகள் நகர்ந்த திசை ஒன்று, தீர்ப்புகள் நகர்ந்த திசை வேறொன்று.

இதில் நமக்கு என்ன சங்கடம்? கடந்த முப்பது ஆண்டுகளாக இதுபோன்ற பத்திரிகைகளின் பக்கங்களில் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது, அறிவும் அதிகாரமும் வேறு வேறு அல்ல, அறிவியலின் நடுநிலை என்பது ஒரு கட்டமைப்பு, 'உண்மை' என்று நம்முன் வைக்கப்படுவதை யார் வைக்கிறார்கள் என்று கேள் என்பவைதாம். ஃபூக்கோவைப் படித்தும் படிக்காமலும் இதைச் சொன்னோம். சொன்னதில் தவறில்லை. ஆனால் இதே வாசகங்களை இன்று அமெரிக்க வலதுசாரிகள் பேசுகிறார்கள். தடுப்பூசியை நம்பாதே, ஆய்வாளனை நம்பாதே, எல்லாமே கட்டிய கதை என்கிறார்கள். புரூனோ லத்தூர் 2004இலேயே இந்த ஆபத்தைப் பற்றி எழுதிவிட்டார். பருவநிலை மாற்றத்தை மறுக்கிறவர்கள், அறிவியலை விமர்சிப்பதற்காகத் தானும் தன் தோழர்களும் செய்துவைத்த கருவிகளையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று கலங்கினார். ஆக, அதிகாரத்தைச் சந்தேகிக்கிறவன் எந்தச் சந்தேகத்தை நம்புவது? இதைக் கோட்பாடாகப் பேசினால் வழவழவென்று போய்விடும். 1980களில் உலவிய இரண்டு நோய்க் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டுமே ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து நோய் வெளியே வந்தது என்று சொன்ன கதைகள். ஒன்று அமெரிக்காவுக்கு எதிரானது. மற்றது சோவியத் ஒன்றியத்துக்கு எதிரானது. ஒன்று பொய், ஒன்று மெய். இந்திய இடதுசாரிச் சூழலில் எளிதாக நம்பக்கூடியதாக இருந்தது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

*

முதல் கதை தில்லியில் பிறந்தது. 1983 ஜூலையில் 'பேட்ரியாட்' நாளிதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் புகழ்பெற்ற அமெரிக்க அறிவியலாளர், மானிடவியலாளர் என்று போட்டிருந்தது. பெயர் இல்லை. எய்ட்ஸ் இந்தியாவுக்குள் நுழையக்கூடும், அந்த மர்ம நோய் அமெரிக்க ராணுவத்தின் சோதனைகளால் உண்டானது, மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக்கில் செய்யப்பட்டது, அடுத்த சோதனைகள் பாகிஸ்தானில் நடக்கப்போகின்றன என்பது சாரம். 'பேட்ரியாட்' அருணா ஆசஃப் அலி, எடத்தட்டா நாராயணன் போன்றவர்கள் உருவாக்கிய இடதுசாரிப் பத்திரிகை. சோவியத் நட்பு அதன் வெளிப்படையான நிலைப்பாடு.

இரண்டாண்டுகள் கடிதம் சும்மா கிடந்தது. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லிதரத்தூர்னயா கஸேதா' இந்தக் கதையை எடுத்து எழுதியது. ஆதாரம்? இந்தியப் பத்திரிகையான 'பேட்ரியாட்'. தானே எழுதிப்போட்ட மொட்டைக் கடிதத்தைத் தானே மேற்கோள் காட்டுகிற வித்தை இது. அதற்கு ஒரு மாதம் முன்பு சோவியத் உளவுத்துறை பல்கேரியத் தோழமைத் துறைக்கு அனுப்பிய தந்தி, இந்தப் பிரச்சாரத்தின் நோக்கத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. பிறகு கிழக்கு பெர்லினில் ஓய்வுபெற்ற உயிர்இயற்பியல் பேராசிரியர் யாக்கோப் சேகல் அறிவியல் மொழியில் இதற்கு உரை எழுதினார். ஆட்டு வைரஸ் ஒன்றையும் மனித வைரஸ் ஒன்றையும் ஒட்டுப்போட்டுச் செய்ததுதான் எச்.ஐ.வி. என்றார். அந்தப் பிரசுரம் 1986இல் ஹராரேயில் நடந்த அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டில் கைமாறியது. அதே ஆண்டு லண்டனின் வலதுசாரிப் பத்திரிகை ஒன்றுகூட முதல் பக்கத்தில் போட்டது. தில்லி, மாஸ்கோ, பெர்லின், ஹராரே, லண்டன் என்று ஊரெல்லாம் சுற்றியபோது ஒவ்வோர் ஊரும் முந்தைய ஊரைச் சாட்சியாகக் காட்டியது. 1987இல் அமெரிக்கா கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தபின் சோவியத் அறிவியலாளர்களே இதிலிருந்து விலகிக்கொண்டார்கள். 1992இல் ருஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ், இது தம் துறையின் வேலை என்று ஒப்புக்கொண்டார். சேகல் மட்டும் 1995இல் சாகும்வரை தன் கருத்தை விடவில்லை. மனிதர் கூலிக்காரர் அல்ல, நம்பிக்கையாளர்.

நம்பியவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கதை பிடித்துக்கொண்டதற்கு அது விழுந்த மண்ணும் காரணம். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஏழைகளின் மேகநோயைக் குணப்படுத்தாமல், அது எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. மஞ்சூரியாவில் மனிதர்கள்மேல் கிருமிகளைச் சோதித்த ஜப்பானிய ராணுவ மருத்துவன் இஷீயையும் அவன் கூட்டத்தையும், சோதனைக் குறிப்புகளைத் தங்களுக்குத் தருவதற்குப் பதிலாக, விசாரணையிலிருந்து தப்பவிட்டதும் அமெரிக்காதான். ஃபோர்ட் டெட்ரிக் 1969வரை உண்மையிலேயே கிருமி ஆயுதக்கூடமாக இருந்தது. இங்கே இந்தியாவிலும் ஒரு விஷயம் நடந்திருந்தது. 1969இலிருந்து தில்லியில் அமெரிக்கப் பணத்தில் உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கொசுக்களின் மரபியல் கட்டுப்பாடு பற்றி ஆராய்ந்தன. மலேரியாவில் சாகிற நாட்டில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின்மேல் ஏன் இத்தனை அக்கறை என்று பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 1975இல் அதே கேள்வியை அறிக்கையாகவே எழுதியது. சோனிபத்தில் கொசுக்களைத் திறந்துவிடும் திட்டம் கைவிடப்பட்டது. கிருமிப்போருக்கான ஆராய்ச்சி அது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. அதைக் கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் கிடைத்திருந்தால், எட்டாண்டு கழித்து ஒரு மொட்டைக் கடிதத்துக்கு இத்தனை மரியாதை கிடைத்திருக்காது.

கதைக்கு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கப்பட்டன. அதற்கப்புறம் நம் சமூகம் செய்தது தெரிந்ததே. தொற்று உள்ள பெண்கள் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். வழக்குப் போட்டு நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் வெளியே வந்தார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அரசியல் மேடையின் பதில் 'அமெரிக்கா'. தெருவின் பதில் 'அந்தப் பெண்கள்'. இரண்டு பதில்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்று, எய்ட்ஸ் செய்யப்பட்ட நோய் என்று உறுதியாக நம்பிய ஆண்கள் ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள் என்று கண்டது. அதிகாரத்தின்மேல் உள்ள நியாயமான கோபம் அவர்கள் உடம்பின்மேலேயே திரும்பியது.

எச்.ஐ.வி.யின் மூலம் இன்று தெரியும். தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடமிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி மனிதருக்கு வந்து, கின்ஷாசா வழியாகப் பரவியது. 1959இல் அங்கே எடுத்த ரத்த மாதிரியிலேயே வைரஸ் இருந்தது. அப்போது மரபணுவை ஒட்டுப்போடும் தொழில்நுட்பமே கிடையாது. ஆனாலும் இந்த மூலத்திலும் அதிகாரம் இருக்கிறது. காட்டிலிருந்து நகரத்துக்கு வைரஸைக் கொண்டுவந்த படகும் ரயிலும், கூலிக்கு ஆண்களை மட்டும் குவித்த நகரமும் காலனிய ஆட்சி போட்ட பாதைகள்தாம். சதி இல்லை என்றால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது.

*

இரண்டாவது கதை உரால் மலைப் பக்கத்து ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்துக் கதை. 1979 ஏப்ரலில் அங்கே ஆட்கள் திடீர் திடீரென்று செத்தார்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல், ஓரிரு நாளில் சாவு. ஆந்த்ராக்ஸ். ஆடுமாடு வைத்திருக்கிறவர்கள் 'அடப்பான்' என்று சொல்கிற அதே நோய். நோயுற்ற கால்நடையின் இறைச்சியைத் தின்றதால் வந்தது என்று அரசு சொன்னது. கள்ளச்சந்தை இறைச்சியை வாங்காதீர்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். சாலையில் வண்டிகளை மறித்து இறைச்சியைப் பிடுங்கி எரித்தார்கள். அதோடு நிற்கவில்லை. தீயணைப்புப் படையினர் வந்து வீட்டுச் சுவர்களையும் மரங்களையும் கழுவினார்கள். தெருநாய்களைச் சுட்டார்கள். மண் தெருக்களுக்கு அவசரமாகத் தார் போட்டார்கள். இறைச்சியில் வந்த நோய்க்கு மரத்தை ஏன் கழுவவேண்டும்?

அந்த நகரத்தில் 'வளாகம் 19' என்ற ராணுவக் கிருமி ஆய்வுக்கூடம் இருந்தது. கிருமி ஆயுதங்களைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1975இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. சோவியத் ஒன்றியம் அதில் கையெழுத்திட்ட நாடு. 1980இல் அமெரிக்கா குற்றம் சாட்டியபோது, அவதூறு என்று மாஸ்கோ மறுத்தது. பலர் மறுப்பையே நம்பினார்கள். நம்பியதற்கும் காரணம் இருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹெய்க், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் உதவியோடு விஷ 'மஞ்சள் மழை' பொழியப்படுகிறது என்றார். அந்த மஞ்சள் பொட்டுகள் தேனீக்களின் எச்சம் என்று காட்டியவர்களில் ஒருவர் ஹார்வர்டு உயிரியலாளர் மாத்யூ மெசல்சன். அமெரிக்கா கிருமி ஆயுதத்தைக் கைவிடவேண்டும் என்று 1960களிலிருந்து வாதாடியவர். ஸ்வெர்ட்லோவ்ஸ்க் விஷயத்தில் இறைச்சி விளக்கம் பொருந்தக்கூடியதுதான் என்று அவர் கருதினார். 1988இல் சோவியத் மருத்துவர்கள் அமெரிக்காவுக்கு வந்து படங்களோடு விளக்கியபோதும் அதையே சொன்னார். பொய் சொல்லிப் பிடிபட்ட வாய் அமெரிக்காவின் வாய். அதே வாய் இந்தமுறை உண்மை பேசியிருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றவில்லை. தோன்றாதது அறிவுக்குறைவும் அல்ல, கெட்ட எண்ணமும் அல்ல.

ஆனால் மெசல்சன் கேட்பதை நிறுத்தவில்லை. இதுதான் எனக்கு முக்கியம். நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் 1992 ஜூனில் போக முடிந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு யெல்ட்சின், எங்கள் ராணுவ வேலைதான் காரணம் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். 1979இல் அந்த மாகாணத்துக் கட்சிச் செயலாளராக இருந்தவரும் அதே யெல்ட்சின்தான் என்பதைச் சேர்த்துப் படிக்கவேண்டும். அரசன் மறுத்ததை நம்பக் கூடாது என்றால், அரசன் ஒப்புக்கொண்டதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மெசல்சன் குழுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனைப் பதிவேடுகளை உளவுத்துறை எப்போதோ அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவை வேறு. 1979இல் பிணப்பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவா என்ற மருத்துவரும் அவருடைய இளைய சகா லெவ் கிரின்பெர்க்கும் திசுக்களையும் கண்ணாடிச் சில்லுகளையும் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு உடல்களின் சான்று. நெஞ்சுக்கூட்டின் நிணநீர்க் கணுக்கள் ரத்தம் கட்டிச் சிதைந்திருந்தன. கிருமி வயிற்று வழியாக அல்ல, மூச்சு வழியாக வந்ததற்கான அடையாளம் அது. பதிமூன்று ஆண்டுகள் அந்த அம்மாள் இதை எங்கேயும் பேசவில்லை, எறியவும் இல்லை.

இன்னொன்று கல்லறைகள். செத்தவர்களைச் சுண்ணாம்புத்தூள் போட்ட பெட்டிகளில் வைத்து இடுகாட்டின் ஒரு பகுதியில் சேர்த்துப் புதைத்திருந்தார்கள். கற்களில் பெயரும் தேதியும் இருந்தன. குடும்பங்களுக்கு உதவித்தொகை தருவதற்காக எடுத்த அறுபத்தெட்டுப் பேரின் பட்டியல் ஒன்றும் கிடைத்தது. தொகுத்தது உளவுத்துறை. பதிவேடுகளை அழிக்கிற கைதான் பட்டியலையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. குழுவில் இருந்த சமூகவியலாளர் ஜீன் கில்மின் வீடுவீடாகப் போனார். இறந்தவர் எங்கே வேலை பார்த்தார், அந்த வாரம் பகலில் எங்கே இருந்தார் என்று விதவைகளிடமும் பிள்ளைகளிடமும் கேட்டார். இறைச்சி எங்கே வாங்கினீர்கள் என்றும் கேட்டார்.

பதில்களை வரைபடத்தில் வைத்தார்கள். வீடுகளை வைத்துப் பார்த்தால் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. பகலில் இருந்த இடத்தை வைத்தபோது, வளாகத்திலிருந்து தெற்கே நகர எல்லைவரை சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பட்டை தெரிந்தது. பட்டைக்குள் ஒரு பீங்கான் ஆலை இருந்தது. பட்டைக்கு வெளியே குடியிருந்து செத்தவர்களில் சிலர் அந்த நாட்களில் பட்டைக்குள் ராணுவப் பயிற்சிக்கு வந்தவர்கள். அதே கோட்டை நீட்டினால் ஐம்பது கிலோமீட்டர் தூரம்வரை கிராமங்களில் ஆடுமாடுகள் செத்திருந்தன. பழைய வானிலைக் குறிப்புகளில் அந்தத் திசையில் காற்றடித்த நாளைத் தேடினார்கள். 1979 ஏப்ரல் 2, திங்கட்கிழமை. நோயுற்றதாகக் கண்டறிந்த எழுபத்தேழு பேரில் அறுபத்தாறு பேர் செத்திருந்தார்கள். வெளியேறிய நுண்வித்துகள் சில மில்லிகிராமிலிருந்து ஒரு கிராமுக்குள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 1994 நவம்பரில் கட்டுரை வெளியானது. பழைய கருத்தைக் கவிழ்த்த கட்டுரையின் முதல் பெயர் மெசல்சன்.

எப்படி வெளியேறியது? வடிகட்டியைக் கழற்றியவர்கள் பதிவேட்டில் எழுதாமல் போனார்கள், அடுத்த முறைக்காரர்கள் இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள் என்று, அந்தத் திட்டத்தில் பின்னாளில் உயர்பதவி வகித்து அமெரிக்காவுக்குப் போய்விட்ட அலிபெக் எழுதினார். அவர் அன்று அங்கே இல்லாதவர், கேள்விப்பட்டதை எழுதியவர். எதுவானாலும் இது சதி இல்லை. சட்டவிரோதமான வேலையும் அலட்சியமும் சேர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றி. 'கசிவு' என்கிறோம். கசிதல் தன்வினை. யாரும் செய்யவேண்டியதில்லை, அதுவாகவே நடக்கும். போபாலில் 'வாயு கசிந்தது' என்றுதான் நாமும் எழுதினோம். 'சதி' என்ற சொல்லோ நேர்மாறு. எல்லாம் தெரிந்த, எல்லாம் வல்ல ஒரு எழுவாய் அதற்கு வேண்டும். போபாலில் யூனியன் கார்பைடு கையிலெடுத்தது எதை? சதியைத்தான். யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டான் என்றது. கைவிடப்பட்ட பராமரிப்பு, குறைக்கப்பட்ட ஆட்கள், அணைத்துவைக்கப்பட்ட குளிரூட்டி எல்லாம் அந்த ஒரு ஆளுக்குப் பின்னால் மறைந்தன. சதி என்பது பலவீனர்களின் கற்பனை மட்டுமல்ல. கம்பெனிக்கும் அது வேண்டியிருக்கிறது.

*

1977ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த ஆண்டு மே மாதம் சீனாவின் வடபகுதியிலும் நவம்பரில் சோவியத் ஒன்றியத்திலும் தென்பட்டு உலகைச் சுற்றிய இன்ஃபுளுவென்சாவுக்கு 'ருஷ்யக் காய்ச்சல்' என்று பெயர். பெரும்பாலும் இளைஞர்களைத்தான் பிடித்தது. அந்த வகை வைரஸ் 1957இலேயே மனிதரிடமிருந்து மறைந்துபோயிருந்ததால் அதற்குமுன் பிறந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. 1978இல் மரபணுவை ஒப்பிட்டபோது 1950ஆம் ஆண்டு வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது. இன்ஃபுளுவென்சா வைரஸ் உயிர்களிடையே உலவியிருந்தால் இருபத்தேழு வருடத்தில் எவ்வளவோ மாறியிருக்கும். எங்கோ ஒரு உறைபெட்டியில் இருந்திருக்கிறது. ஆய்வுக்கூட விபத்தா, தடுப்பூசிச் சோதனையில் நேர்ந்த கோளாறா என்பது இன்றுவரை தீரவில்லை. மனிதக் கையால் திரும்பி வந்தது என்பதில் அறிவியலாளர்களிடையே பெரிய சண்டை எதுவும் கிடையாது.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு உலகக் கொள்ளைநோய் வரமுடியுமா என்று 2020இல் கேட்டபோது, அது அறிவியல் புனைகதை என்று சிரித்தவர்கள் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை வந்து, நம்மில் பலருக்குக் காய்ச்சலும் தந்து, 2009வரை ஆண்டுதோறும் சுற்றிக்கொண்டிருந்தது! அதைப் பற்றி ஏன் ஒரு வதந்திகூடப் பிறக்கவில்லை? சீனாவும் சோவியத்தும் உலகச் சுகாதார வலைப்பின்னலுக்குள் இருக்கவேண்டும் என்று எல்லோரும் விரும்பிய காலம். கேள்வி கேட்டால் யாருக்கும் லாபம் இல்லை. வதந்தி தானாக முளைப்பதில்லை, யாரோ தண்ணீர் ஊற்றவேண்டும் என்பதற்கு 1977இன் மௌனம் நல்ல உதாரணம்.

*

இப்போது வூஹான். முதல் காட்சியே நமக்குப் பழக்கமானது. எச்சரித்த மருத்துவர் லீ வென்லியாங்கைக் காவல்துறை அழைத்துக் கண்டித்தது. பிப்ரவரி 7 அன்று அவரே நோயில் இறந்தார். ஹுவானான் சந்தை 2020 ஜனவரி 1 அன்று மூடப்பட்டு மருந்தடித்துக் கழுவப்பட்டது. உயிரோடு விற்ற காட்டு விலங்குகளிடம் யாரும் மாதிரி எடுப்பதற்குள் அவை அங்கே இல்லை. ஸ்வெர்ட்லோவ்ஸ்கின் மரங்களைப்போல, கழுவும்போது நோயும் போகிறது, சான்றும் போகிறது.

அதற்குள் இங்கே தில்லியிலிருந்து ஒரு விசித்திரம். அந்த ஜனவரி கடைசியில் தில்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட சிலர், புதிய வைரஸில் எச்.ஐ.வி.யின் துண்டுகள் செருகப்பட்டிருப்பதுபோல் இருக்கிறது என்று மதிப்பீட்டுக்கு முந்தைய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அந்தச் சின்னத் துண்டுகள் எத்தனையோ உயிர்களிலும் இருப்பவை என்று மற்றவர்கள் காட்டியதும் இரண்டே நாளில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் கதை கிளம்பிவிட்டது. முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து எய்ட்ஸும் ஆய்வுக்கூடமும் தில்லியில் மறுபடி கைகோத்துக்கொண்டன. மார்ச்சில் சீன வெளியுறவுச் செய்தித்தொடர்பாளர், அமெரிக்க ராணுவம்தான் நோயை வூஹானுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்றார். 2021இல் சீன அரசுப் பத்திரிகை ஒன்று, ஃபோர்ட் டெட்ரிக்கை விசாரிக்கக் கோரி கையெழுத்து வேட்டை நடத்தியது. 'பேட்ரியாட்' கடிதத்தின் அதே முகவரி.

மறுபக்கம், பிப்ரவரி 2020இல் 'லான்செட்' இதழில் இருபத்தேழு அறிவியலாளர்கள், இயற்கையான மூலம் அல்ல என்பதெல்லாம் சதிக்கோட்பாடு என்று கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். அதைத் தயாரித்த பீட்டர் டாசாக்கின் அமைப்பு வழியாகத்தான் அமெரிக்க அரசின் ஆய்வுப்பணம் வூஹான் வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்குப் போயிருந்தது. இதை அறிக்கை சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் கழித்து இதழ் அதைச் சேர்த்து வெளியிட்டது. தன்னைத்தானே விசாரிக்கவேண்டியவன் தீர்ப்பு எழுதியது போலத்தான் இது. 2018இல் அதே அமைப்பு வூஹான் நிறுவனத்தையும் கூட்டாளியாகச் சேர்த்து, வௌவால் கொரோனா வைரஸ்களில் குறிப்பிட்ட வெட்டுத்தளத்தைச் செருகிப் பார்க்கும் திட்டம் ஒன்றை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் கொடுத்தது. நிராகரிக்கப்பட்டது. அப்படியொரு விண்ணப்பம் இருந்ததே 2021இல் கசிந்துதான் தெரியும். விண்ணப்பம் நடந்த வேலைக்குச் சான்று ஆகாது. ஆனால் அதை மறைத்தவர்கள் மற்றவர்களைச் சதிக்கோட்பாட்டாளர்கள் என்று திட்டியிருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்திலிருந்து சார்ஸ் வெளியேறுவது புதிதும் அல்ல. 2003இல் சிங்கப்பூரிலும் தைப்பேயிலும் ஆய்வாளர்களுக்குத் தொற்றியது. 2004இல் பெய்ஜிங்கில் ஒன்பது பேருக்குப் பரவி ஒருவர் இறந்தார்.

அப்படியானால் ஆய்வுக்கூடம்தானா? என் வாசிப்பில், கையிலிருக்கும் சான்றுகள் சந்தையின் பக்கம்தான் சாய்கின்றன. 2019 டிசம்பர் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் வைத்து 2022இல் மைக்கேல் வொரோபி முதலியோர் எழுதிய கட்டுரை, சந்தையோடு நேரடித் தொடர்பு இல்லாதவர்கள்கூட அதைச் சுற்றியே குவிந்திருப்பதைக் காட்டுகிறது. சந்தைக்குள் வைரஸ் கண்ட மாதிரிகள், காட்டு விலங்குகள் விற்ற தென்மேற்கு மூலையில் அதிகம். எச்.ஐ.வி. எப்போது மனிதருக்கு வந்தது என்று கணக்கிட்டவர்களில் ஒருவரும் இதே வொரோபிதான். அவர் 2021இல், ஆய்வுக்கூட வாய்ப்பையும் ஒழுங்காக விசாரிக்கவேண்டும் என்று பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டவர். மெசல்சன் போன திசைக்கு எதிர்த்திசையில் நடந்தவர். எதிர்வாதமும் உண்டு. தொடக்கத்தில் சந்தையோடு தொடர்புள்ளவர்களையே தேடினால் சந்தையைச் சுற்றித்தானே நோயாளிகள் கிடைப்பார்கள்? ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் விதவைகளிடம் போய்க் கேட்க முடிந்தது. வூஹானில் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வீடுவீடாகப் போக யாருக்கும் அனுமதி இல்லை.

சந்தை என்ற பதில் சீன அரசுக்கும் பிடிக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முறையற்ற காட்டு விலங்கு வணிகத்தை ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்ட பொறுப்பு அதில் வருகிறது. அதனால்தான் உறைந்த இறக்குமதி மீன் கொண்டுவந்தது என்ற மூன்றாவது கதை. 2023இல் சந்தை மாதிரிகளின் மரபணுத் தரவு சர்வதேசச் சேமிப்பில் சிறிது காலம் தென்பட்டது. பிரெஞ்சு உயிரியலாளர் ஃப்ளோரன்ஸ் தெபார் தற்செயலாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். வைரஸ் இருந்த கடைகளில் ரக்கூன் நாயின் மரபணுவும் இருந்தது. கேள்வி எழுந்ததும் தரவு மறைந்துவிட்டது. ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமல்ல, சந்தைக்கும் பூட்டு.

அமெரிக்க உளவு அமைப்புகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2025 ஜனவரியில் மத்திய உளவு நிறுவனம் ஆய்வுக்கூடத்தின் பக்கம் சாய்ந்தது, 'குறைந்த நம்பிக்கையோடு' என்ற அடைமொழியுடன். வெள்ளை மாளிகையின் அறிவிப்பில் அந்த அடைமொழியின் தயக்கம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவியல் குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், கிடைக்கும் சான்றுகளின் எடை விலங்கிலிருந்து பரவியதன் பக்கம் என்றும், ஆய்வுக்கூட வாய்ப்பை உறுதிப்படுத்தவோ தள்ளவோ தேவையான தகவல் தரப்படவில்லை என்றும் எழுதியது. கேட்டுக் கிடைக்காதவை: தொடக்க கால நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகள், சந்தையில் விற்ற விலங்குகளின் விவரம், வூஹான் ஆய்வுக்கூடங்களில் நடந்த வேலைகளும் பாதுகாப்பு நிலைமையும். மற்ற நாடுகளின் உளவு அறிக்கைகளைக் கேட்டும் கிடைக்கவில்லை. குழுவில் ஒருவர் முன்பே விலகினார். மூவர் தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள்.

உலகம் முதலில் பார்த்த மரபணு வரிசையை 2020 ஜனவரி 11 அன்று, அரசு அனுமதிக்குக் காத்திராமல், ஆஸ்திரேலியாவிலிருந்த எட்வர்ட் ஹோம்ஸ் மூலம் வெளியிட்டவர் ஷாங்காய் அறிவியலாளர் ஜாங் யோங்ஜென். சோதனைக் கருவிகளும் தடுப்பூசிகளும் அந்த வரிசையிலிருந்துதான் தொடங்கின. மறுநாளே அவருடைய ஆய்வுக்கூடத்தைச் 'சீர்செய்வதற்காக' மூடச் சொன்னார்கள். 2024 ஏப்ரலில் அவரையும் அவருடைய மாணவர்களையும் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டடம் புதுப்பிக்கிறோம், வேறு இடம் தந்திருக்கிறோம் என்றது நிர்வாகம். தந்த இடத்தில் தன் வேலையைச் செய்ய முடியாது என்று அவர் மழையில் கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டார். சில நாட்கள் கழித்து, இப்போதைக்கு உள்ளே போகலாம் என்றார்கள்.